பென் டிரைவில் மலையேறிய குரல்

"படிங்க சார்."

"படிச்சுட்டேன் டீச்சர். எரர்னு வருது."

"எரர்னு நீங்க சொல்றீக. அது என்ன சொல்லுது?"

ஞானசெல்வி டீச்சர் இப்படிக் கேட்டபோது பகல் இரண்டு மணி இருக்கும். வருசநாட்டைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, ஜீப் மட்டும் ஏறுகிற ஒரு மலைக் கிராமத்தின் பள்ளிக்கூடம். சிஸ்டர்மார் நடத்துவது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. எட்டாம் வகுப்பை ஒட்டிய சின்ன அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் காலையிலிருந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு கடுத்தது. மத்தியானச் சாம்பாரின் வாசம் இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. ஜன்னல் வழியாக இலவம் பஞ்சு மிதந்து வந்து கீபோர்டின் மேல் உட்கார்ந்தது. ஊதித் தள்ளினேன். மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

மூன்று மணிக்குப் பரமனின் ஜீப் கீழே இறங்கும். அதில் நான் தேனிக்குப் போய்விட்டால், மறுநாள் பத்தரை மணிக்கு முன்னால் மேலே வர வழியில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கல்வி அதிகாரி பள்ளிக்கு வருகிறார். அவர் வருவதற்குள் இந்தக் கம்ப்யூட்டர் பேச வேண்டும். பேசாவிட்டால் டீச்சர் கையிலிருந்து எட்டாம் வகுப்பை எடுத்துவிடுவார்கள்.

அது பேசாமல் போனதற்குக் காரணம் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒன்றை, யாரும் கேட்காமல் கை வைத்து ஊமையாக்கியவன் நான்தான்.

பெட்டி வாத்தியார்

டீச்சருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நாற்பதைத் தாண்டியாயிற்று. நான் தேனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குச் சலிக்கும் அளவுக்குத் தெரியும். டீச்சரைப் பற்றி இதுவரை எழுதவில்லை. எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும் என்பதால் தள்ளிப்போட்டேன்.

அவருக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. முதலில் பொழுது சாய்ந்தால் படிக்கட்டு தெரியாமல் போனது. பிறகு கரும்பலகையின் ஓரங்கள். பிறகு புத்தகத்து எழுத்து. மதுரைக்குப் போய்க் காட்டினார்கள். விழித்திரைக் கோளாறு, திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பாடம் நடத்துவதில் பிரச்சினை இல்லை. அறிவியல் பாடம் முழுதும் அவருக்கு மனப்பாடம். கடைசி பெஞ்சில் எவன் புளியங்கொட்டை உருட்டுகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்லி, "ஏலே, எடுத்து உள்ள வையி" என்பார். கேள்வித்தாள், மார்க் லிஸ்ட், பதிவேடு, இவைதான் சிக்கல். இவற்றுக்கு மற்ற டீச்சர்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்சுவது அவருக்கு வராது.

பள்ளித் தாளாளர் கெட்டவர் அல்ல. "எதுக்கு டீச்சர் சிரமம்? பேசாம லைப்ரரியப் பாத்துக்கங்களேன்" என்றார். அந்தப் பள்ளியின் லைப்ரரி என்பது ஒரு பீரோ. அதில் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரைச் சரி செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நான் லினக்ஸ் போட்டேன். ஓசியில் கிடைக்கும், பழைய மிசினையும் ஓட்டும், ஊரில் சுற்றும் பென் டிரைவ்களின் வைரஸ் அதை ஒன்றும் செய்யாது. கூடவே திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் அதில் உண்டு. ஒன்று திரையைப் படிக்கும். இன்னொன்று அதைக் குரலாக்கும். இரண்டுக்கும் நடுவில் தூது போக மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்துதான் பேச்சு.

தமிழும் பேசும். சளி பிடித்த ஆள் மூக்கடைத்துப் பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கு அரை மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். டீச்சரோ ஒரே மாதத்தில் பழகி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மூட்டையிலிருந்து நெல் கொட்டுகிற சத்தம் போல ஒரு சரசரப்புத்தான் எனக்குக் கேட்கும். அவர் அதில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்துவார். பிள்ளைகள் அந்தக் குரலுக்குப் பெட்டி வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள்.

தாளாளர் இதைக் கல்வி அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரி நியாயமாகத்தான் பேசினார். எழுத்து வேலையை இன்னொருவர் துணையில்லாமல் டீச்சரே செய்தால் வகுப்பு அவரிடமே இருக்கட்டும், நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். நாளும் குறித்தார்.

கேட்காமல் செய்த உபகாரம்

அதிகாரி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். சும்மா போகாமல் புண்ணியம் சேர்ப்போம் என்று, குரலின் புதிய பதிப்பை என் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன்.

"புதுசு வந்திருக்கு டீச்சர். குரல் இன்னும் தெளிவா இருக்கும்."

"இருக்கிறதே போதும் சார். நல்லாத்தான பேசுது."

"அஞ்சு நிமிச வேலைதான்."

அந்த அஞ்சு நிமிஷத்தில் கம்ப்யூட்டர் ஒரு தடவை முரண்டு பிடித்தது. ஏதோ ஒரு துணைக் கோப்பு இல்லை, அதனால் ஏற்ற மாட்டேன் என்றது. எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவனிடம் ஒரு பழைய டப்பா முடியாது என்று சொல்வதா? கட்டாயப்படுத்தி ஏற்றுவதற்கு ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினேன். ஏறியது. குரலும் பேசியது. டீச்சர் கொடுத்த வறுத்த கடலையைத் தின்றுகொண்டே கீழே இறங்கினேன்.

நான் இருந்தவரை பேசியது, ஏற்கெனவே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய குரல். மறுநாள் காலையில் டீச்சர் மிசினைப் போட்டதும் அது புதியதைத் தேடியது. புதியதற்கோ துணைக் கோப்பு இல்லை. பெட்டி வாத்தியார் வாயைத் திறக்கவில்லை.

துணைக் கோப்பு ஏன் வரவில்லை? என் லேப்டாப்பில் அது முன்பே இருந்தது. இருப்பதை எதற்கு மறுபடி இறக்க வேண்டும் என்று அது இல்லாததை மட்டும் இறக்கித் தந்தது. என் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் பார்த்து அடுத்த வீட்டுக்குச் சாமான் வாங்கியவன் நான். என் வீட்டில் கடுகு இருந்தது, அவர்கள் வீட்டில் இல்லை.

டீச்சர் சொல்லி அனுப்பிய சேதி உடனே எனக்குக் கிடைக்கவில்லை. நான் ஒரு வேலையாகக் கேரளத்துப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தேன். திரும்பி வந்ததும் கடை வாசலில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு பரமன் காத்திருந்தார்.

"என்னண்ணே செஞ்சு வச்சீக? அந்த ஆத்தா ரெண்டு வாரமா மொகத்துல ஈயாடல. மிசினு பேசலையாம்."

வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்று செவ்வாய்.

சைக்கிளில் சுமந்த லினக்ஸ்

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. இன்டர்நெட் இல்லாமல் லினக்ஸில் ஒன்றை ஏற்றுவது எனக்குப் புதிதல்ல என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பது விளங்கும்.

நான் கம்பத்துக்காரன். கல்லூரி நாட்களில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில்தான் லினக்ஸைப் பார்த்தேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. போன் கனெக்‌ஷன் கிடையாது. பாட்டுக் கேட்க ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. பிரௌசிங் சென்டருக்குப் போய் ஃபிளாப்பியில் பிடித்து வந்தேன். ஏற்றினால், இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் போய் எடுத்து வந்தேன். அதற்கும் இன்னொன்று வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை பூராவும் வீட்டுக்கும் சென்டருக்கும் சைக்கிளை மிதித்தேன். திராட்சைப் பெட்டி ஏற்றுகிற லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கும். அதற்குள் புகுந்து புகுந்து போக வேண்டும்.

சென்டர்க்காரர் கடைசியில் கேட்டார். "ஏப்பா, நீ படிக்கிறியா, இல்ல வீடு கட்ட மண்ணு சொமக்கிறியா?"

சாயங்காலம் பாட்டு வந்தது. ஆனால் ஒரு ஸ்பீக்கரில் மட்டும். அதற்கே அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு எஸ்டேட் ஆபீஸ்களுக்கு வேலைக்குப் போனேன். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர்களிடம் மருந்து, பேப்பர், கண் கண்ணாடி, எதை வேண்டுமானாலும் கொடுத்து அனுப்பலாம். அவர்களிடம் பென் டிரைவையும் கொடுத்து அனுப்பக் கற்றுக்கொண்டேன். மேலேயிருந்து சிட்டை வரும், கீழேயிருந்து சாமான் போகும். வருசநாட்டுப் பக்கம் அந்த வேலையைச் செய்கிறவர் பரமன். அவர் பென் டிரைவைத் தன் மூக்குப்பொடி டப்பாவுக்குள் போட்டுத்தான் கொண்டு வருவார். சட்டைப் பையில் வைத்தால் விழுந்துவிடுமாம். ஒவ்வொரு தடவையும் அதைக் கம்ப்யூட்டரில் சொருகும்போது எனக்குத் தும்மல் வரும்.

ஆக, எல்லாம் தெரிந்தவன்தான். தெரிந்தவன் செய்கிற தப்புக்குத்தான் மன்னிப்பு இல்லை.

மிசின் எழுதிய சிட்டை

புதன்கிழமை காலை பரமனோடு மலையேறினேன். வழியில் அவர் எதுவும் பேசவில்லை. டீச்சர் பேசினார்.

"வாங்க சார். அஞ்சு நிமிச வேலையா?"

நான் சிரிக்க முயன்றேன். அவர் சிரிக்கவில்லை.

சி.பி.யூவைக் கீழே கொண்டுபோய்ச் சரி செய்து தருகிறேன் என்றேன். போன தடவை கீழே போன இன்னொரு மிசின் இன்னும் வரவில்லை, கொடுக்க முடியாது என்றார். அது நான் எடுத்துப் போனதல்ல. ஆனாலும் வாதாடுகிற நிலையில் நான் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என் லேப்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது உங்க மிசினு. அதிகாரி போனதும் எடுத்துட்டுப் போயிருவீக. திங்கக்கிழம நான் என்ன செய்றது? யாரை ஏமாத்தச் சொல்றீக?"

எனக்குச் சுருக்கென்றது. மலை மேல் செல்போனுக்கு ஒரு கோடு கூடச் சிக்னல் கிடையாது. ஆக இருப்பது ஒரே வழிதான். முறையான வழி. அதை மூன்று வாரம் முன்பே செய்திருக்க வேண்டும்.

என்ன வேண்டும் என்று நான் ஊகிக்கக் கூடாது. அந்த மிசினையே கேட்க வேண்டும். உன்னிடம் என்ன இருக்கிறது, என்ன குறைகிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்டால் அது தானே ஒரு சிட்டை எழுதித் தரும். ஒரு சின்னக் கோப்புதான். அந்தச் சிட்டையைக் கீழே கொண்டு வந்து, இன்டர்நெட் உள்ள மிசினில் கொடுத்தால், அதில் உள்ளதை மட்டும், உள்ள வரிசையில், துணையோடு துணையாக இறக்கித் தரும். மறுபடி மேலே கொண்டுபோய் ஏற்ற வேண்டியதுதான். மளிகைக் கடைக்குப் போகிறவன் எழுதிய சிட்டையை விட அடுப்படியில் நிற்கிறவர் எழுதிய சிட்டைதான் சரியாக இருக்கும்.

அன்று மூன்று மணி ஜீப்பில் இறங்கினேன். கடைக்கு வந்ததும் இறக்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். வியாழக்கிழமை காலை மறுபடி மலையேறினேன்.

சிவப்பு எண்

அந்த மிசினுக்கு ஒரு நோய் உண்டு. உள்ளே கடிகாரத்துக்கென்று பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்துப்போய் வெகு நாளாகிறது. கரண்ட் போனால் மிசின் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதிக்குப் போய்விடும். இன்டர்நெட் இருந்தால் தானே தேதியைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இங்கே கேட்க ஆள் இல்லை. அந்த பேட்டரியை மூன்று தடவை வாங்கி மூன்று தடவையும் கடையிலேயே மறந்துவிட்டு வந்தவன் நான்.

தினமும் காலையில் டீச்சர்தான் குரலைக் கேட்டுக்கொண்டே தேதியைத் திருத்துவார். குரல் இல்லாததால் இப்போது அவரால் முடியவில்லை. நான் திருத்தினேன். எதிரே சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. கொட்டையாகச் சிவப்பு எண். அதைப் பார்த்துத் தட்டினேன். செல்போன் பைக்குள் இருந்தது. எடுக்கச் சோம்பல்.

பென் டிரைவைச் சொருகினேன், தும்மினேன், ஏற்றச் சொன்னேன். ஏறவில்லை. எரர்.

கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது பென் டிரைவைப் போட்டேன். அதே எரர். சி.பி.யூவைத் திறந்து பார்த்தேன். விசிறிக்குள் தலையணைக்குப் பாதி தேறுகிற அளவு இலவம் பஞ்சு. அதைப் பிடுங்கி எடுத்தேன். அதே எரர். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் மிசின் ஜனவரிக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் நான் காலண்டரைப் பார்த்துத் தேதியைத் திருத்தினேன். எவ்வளவு அக்கறையாக!

டீச்சர் இடையிடையே வகுப்புக்குப் போய்வந்தார். மத்தியானம் தட்டில் சோறு கொண்டு வந்து வைத்தார். எனக்கு இறங்கவில்லை. இரண்டு மணிக்கு நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன்.

"கீழ போயி மறுபடியும் இறக்கிக்கிட்டு வாரேன் டீச்சர்."

"எப்ப வருவீக?"

"பத்தரைக்கு."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சத்தம் கூடியது. வழக்கமாக அதட்டுகிறவர் அன்று அதட்டவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்குப் பார்வை இல்லாததால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்திருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டேன்.

அப்போதுதான் அவர் கேட்டார், அது என்ன சொல்லுது என்று.

"செல்லாதுங்குது டீச்சர்."

"முழுசாப் படிங்க சார். நீங்க பாதி வரியத்தான் படிக்கிறீக. எம் மிசினு எதையும் தாண்டாது. எரர்னா அதக் கடைசி வரைக்கும் படிக்கும். எனக்குக் கேட்டுப் பழகிப்போச்சு. படிங்க."

படித்தேன். இங்கிலீஷில் நீளமான ஒரு வரி. கோப்பின் பெயர், முகவரி, ஏதேதோ எண்கள். காலையிலிருந்து பத்துத் தடவை என் கண் அதில் முதல் நாலு வார்த்தையைப் பார்த்து மீதியைத் தாண்டியிருக்கிறது. கடைசியில் அடைப்புக்குள் இருந்ததையும் அன்று முதல் தடவையாகப் படித்தேன். இது இன்னும் செல்லாது. இன்னும் ஒரு நாள் இருபத்து மூன்று மணி நேரத்துக்குச் செல்லாது.

"இன்னும் செல்லாதா? அப்ப ரெண்டு நாளு கழிச்சுச் செல்லுமா?" என்றார் டீச்சர்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நேத்து இறக்குனதுக்கு எதுக்கு சார் ரெண்டு நாளு காத்திருக்கணும்?"

எனக்குப் புரிய ஆரம்பித்தது. லினக்ஸ் எதை ஏற்றினாலும் அது உண்மையானதுதானா என்று முத்திரை பார்க்கும். முத்திரையில் தேதி இருக்கும். நேற்று, புதன்கிழமை, போட்ட முத்திரை அது. மிசினுக்கோ இன்னும் புதன்கிழமையே வரவில்லை.

"மிசின்ல தேதி என்ன போட்டீக?"

சொன்னேன்.

"யாரக் கேட்டுப் போட்டீக?"

"காலண்டரப் பாத்து."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே அடித்துக்கொண்டார்.

"அது திங்கக்கிழம தாளு சார்! ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் திங்கக்கிழம காலையில மதுரைக்குப் போனாக. இன்னைக்குச் சாயங்காலந்தான் வாராக. அவுக இல்லாம இங்கன யாரு காலண்டரக் கிழிப்பா?"

அந்தப் பள்ளியில் அது ஒரு வழக்கம். வராத டீச்சரின் வகுப்பை அன்று யார் பார்ப்பது என்பதை ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கிழித்த தாளின் பின்பக்கம்தான் எழுதிக் கொடுப்பார். பேப்பரை வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் காலண்டரை வேறு யாரும் தொடுவதில்லை. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். வெளியூர்க்காரன் எனக்குத் தெரியவில்லை. சிவப்பு எண்ணுக்கு அடியில் திங்கள் என்று அச்சடித்திருந்தது. அன்று வியாழன் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாலாவது கேள்வி

தேதியைத் திருத்தினேன். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஏற்றச் சொன்னேன். வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. துணைக் கோப்பு ஏறியது. தூது போகிறது ஏறியது. குரல் ஏறியது. ஒவ்வொன்றையும் நான் சத்தமாகப் படித்தேன், கடைசி எழுத்து வரைக்கும். டீச்சர் உம், உம் என்று கேட்டுக்கொண்டார்.

கீழே பரமன் ஹாரன் அடித்தார். இரண்டே முக்கால்.

போன தடவை ஏமாந்ததால், மிசினை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். தேதி ஜனவரிக்குப் போகாதபடி கரண்டை நிறுத்தாமல் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. விசிறி மட்டும் சுற்றியது, பஞ்சு இல்லாமல் புதுசு போல. பிறகு அந்த மூக்கடைத்த குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டீச்சர் என்னை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்கள் கீபோர்டில் ஓடின. ஒரு கோப்பைத் திறந்தார். பெட்டி வாத்தியார் வேகமாகப் படிக்க ஆரம்பித்தார். எனக்காக டீச்சர் வேகத்தைக் குறைத்தார்.

எட்டாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாள். முதல் மூன்று கேள்விகள் முழுதாக இருந்தன. நாலாவது பாதியில் நின்றிருந்தது. "ஒலி பயணம் செய்ய" என்று படித்துவிட்டுக் குரல் நின்றது. மூன்று வாரம் முன்னால், நான் வந்து அஞ்சு நிமிச வேலை என்று சொன்ன அன்று, அவர் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்.

அவர் மீதியைத் தட்டினார். ஒவ்வொரு எழுத்தையும் குரல் திருப்பிச் சொன்னது. "ஊடகம் தேவையா? ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக." பிறகு ஐந்தாவது கேள்விக்குப் போனார். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"சார்."

நின்றேன்.

"இனிமே நான் கேக்காம எதையும் அப்டேட் பண்ணாதீக."

"இல்ல டீச்சர்."

"கடலை எடுத்துட்டுப் போங்க. டப்பால இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பரமனின் ஜீப் கிளம்பும்போது நான் ரோட்டில் காத்திருந்தேன். கடிகாரப் பேட்டரியை அவர் கையில் கொடுத்தேன். அதையும் பொடி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கடையில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வந்த பிரிண்டரை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பத்து மணியானபோது மணியைப் பார்த்தேன். பதினொன்றுக்கும் பார்த்தேன். போன் செய்து கேட்க வழியில்லாத ஊரில் ஒன்று நடக்கும்போது அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் பரமன் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார்.

"என்ன ஆச்சுண்ணே?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஸ்கூலுக்குள்ளயா போறேன்? வாசல்ல வச்சு இதக் குடுத்தாக. உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாக."

டப்பாவைத் திறந்து பென் டிரைவைக் கொடுத்தார். சொருகினேன். தும்மினேன். அதில் சிட்டை இல்லை. ஒரே ஒரு சின்னக் கோப்பு இருந்தது. உள்ளே மூன்று வரி. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பரமனும் கேட்கட்டும் என்று, ஒன்றையும் தாண்டாமல் கடைசி வரைக்கும் சத்தமாகப் படித்தேன்.

"இன்று வெள்ளிக்கிழமை. தேதியில் சந்தேகம் வேண்டாம், காலண்டர் தாளை இன்று சிஸ்டர் என்னைத்தான் கிழிக்கச் சொன்னார்கள். அதன் பின்பக்கத்தில், எட்டாம் வகுப்பு: ஞானசெல்வி என்று எழுதி என் கையில் கொடுத்தார்கள்."